உள்ளூர் விளையாட்டு நிருபர் வேலை: உள்ள என்னதான் நடக்குது? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க

புதுநோட்டு:
உள்ளூர் நாளிதழ்ல விளையாட்டு நிருபரா வர நினைக்கிறவங்களுக்கு ஒரே இடத்துல விவரம் கிடைக்கட்டும்னு இந்த இழை. "ஓசியில மேட்ச் பார்க்கிற வேலை"ங்கிற பேச்செல்லாம் கேட்டாச்சு. ஒரு நாள் எப்படிப் போகும், தப்பு எங்க நுழையும், வருமானம் எப்படி, பத்து வருஷத்துல எங்க போய் நிக்கலாம்? சொந்தக் கதை வேண்டாம், வேலையைச் சொன்னா போதும்.

மைதானவாசி:
பெரிய போட்டியெல்லாம் செய்தி ஏஜென்சி மூலமா தானா வந்து விழும். ஏஜென்சிக்காரர் எட்டிப் பார்க்காத மைதானம்தான் உங்களுக்கு. பள்ளி, கல்லூரி, கிளப், லீக், வயதுவாரிப் போட்டிகள்.

சனி, ஞாயிறுல ஒரே நேரத்துல ஆறேழு இடத்துல ஆட்டம் நடக்கும், நிருபர் ஒருத்தர்தான். ஒண்ணுக்கு நேர்ல போவீங்க, மிச்சத்தைப் போன்ல வாங்குவீங்க. அதனால முதல்ல பழக்கம் பிடிக்க வேண்டிய ஆள் கோச்சோ செயலாளரோ இல்ல, ஸ்கோரர். புத்தகம் அவர் கையிலதான் இருக்கு. அடுத்து நடுவர். அப்புறம் மைதானப் பராமரிப்பாளர். நாளைக்கு ஆட்டம் நடக்குமா, பிட்ச் ஈரமா, எந்த டீம் பயிற்சிக்கே வரலைன்னு அவருக்குத்தான் முதல்ல தெரியும்.

நேர்ல போறப்ப ஆட்டம் தொடங்க 40 நிமிஷம் முன்னாடி இருங்க. அணிப் பட்டியலை ஜெர்சி எண்ணோட வாங்கி போட்டோ எடுத்துக்கிட்டு, மேனேஜர் முன்னாடி ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படிங்க. ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் பஸ் பிடிக்க ஓடிருவாங்க, அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

சிவப்புமை:
டெஸ்க் (ஆபீஸ்ல செய்தியைத் திருத்திப் பக்கம் போடற இடம்) பக்கத்துல இருந்து ஒண்ணு. பேரைப் படிச்சா மட்டும் பத்தாது, எழுதிக் காட்டணும். ஸ்கோர் ஷீட்ல பேர் இங்கிலீஷ்ல இருக்கும். ஒரே 'எல்' எழுத்து ல, ள ரெண்டுக்கும் நிக்கும், ஒரே 'என்' எழுத்து ன, ண ரெண்டுக்கும். கூப்பிடறதைக் காதால கேட்டும் பிரிக்க முடியாது, ஏன்னா பேசறப்ப முக்கால்வாசிப் பேர் வித்தியாசம் காட்டறதில்ல. ஆடறவங்க கையிலயே பேனாவைக் குடுத்துத் தமிழ்ல எழுதச் சொல்லுங்க, பத்து செகண்ட் வேலை. ஒரே டீம்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா இனிஷியல் கட்டாயம். உள்ளூர்ச் செய்தியை வெட்டி எடுத்து வைக்கிறது அந்த வீட்டுக்காரங்கதான். அவங்க முதல்ல பார்க்கிறது பேரை.

ஸ்கோர்புக்:
கிரிக்கெட் கார்டை வாங்கினதும் அங்கேயே நின்னு மூணு கூட்டல் போடணும். ஆபீஸ் போய்ப் போட்டா சந்தேகம் கேட்க யாரும் இருக்க மாட்டாங்க. உதாரணத்துக்கு 20 ஓவர்ல 187. பேட்ஸ்மேன்கள் ரன் 169, உதிரி 18 (பை 4, லெக்-பை 3, வைடு 9, நோ-பால் 2).

169 + 18 = 187. முதல் கூட்டல் சரி.

ரெண்டாவது, பவுலர்கள் விட்டுக்கொடுத்த ரன். பையும் லெக்-பையும் பவுலர் கணக்குல சேராது. 187 - 7 = 180. பவுலிங் பத்தி கூட்டினா 180 வரணும். 187 வந்தா பையை யாரோ ஒரு பவுலர் தலையில கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

மூணாவது பந்து எண்ணிக்கை. வைடு, பேட்ஸ்மேன் சந்திச்ச பந்து இல்ல. நோ-பால் சந்திச்ச பந்து. அதனால 120 + 2 = 122. பேட்ஸ்மேன் பந்துகளைக் கூட்டினா இது வரணும். உள்ளூர் கார்டு பத்துல அஞ்சுக்கு இது இடிக்கும். இடிச்சா பந்து எண்ணிக்கையை விட்டுட்டு ரன்னை மட்டும் போடுங்க. ஸ்டிரைக் ரேட் கணக்குப் போட்டு "அதிவேக அரைசதம்"னு தலைப்பு வெச்சிடாதீங்க.

விக்கெட்டும் அப்படித்தான். பவுலர்கள் விக்கெட் + ரன் அவுட் = விழுந்த விக்கெட். காயம்பட்டு வெளிய போனவர் அவுட் இல்ல.

புதுநோட்டு:
நன்றிண்ணா. லீக் ஆட்டத்துல நெட் ரன் ரேட் நாமளே போடணுமா? அமைப்பாளர் குடுக்கிற அட்டவணையை நம்பலாமா?

ஸ்கோர்புக்:
நம்பலாம், சரிபார்த்துட்டு. நெட் ரன் ரேட்னா நாம ஓவருக்கு எடுத்த ரன்ல இருந்து எதிரணி ஓவருக்கு எடுத்ததைக் கழிக்கிறது. தப்பு ரெண்டே இடத்துலதான் வரும்.

ஒண்ணு, 15.3 ஓவர்னா 15.5ன்னு வகுக்கணும். மூணு பந்துன்னா அரை ஓவர். கால்குலேட்டர்ல 15.3ன்னு அடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

ரெண்டாவது பெரிய தப்பு. ஆல்-அவுட் ஆன அணிக்கு ஆடின ஓவர் கணக்கில்ல, முழு ஓவரும் கணக்கு. ஒரு டீம் 20 ஓவர்ல 160, எதிர் டீம் 15.3 ஓவர்ல 120க்கு ஆல்-அவுட். 120ஐ 20ஆல வகுத்து 6.00. ஜெயிச்ச டீமுக்கு 8.00 - 6.00 = +2.00. 15.5ஆல வகுத்தா 7.74 வந்து வித்தியாசம் வெறும் +0.26 ஆயிடும். அரையிறுதிக்கு யார் போறாங்கங்கிறதே இதுல மாறும். காலையில பேப்பரைப் பார்த்துட்டு ஒரு டீம் பட்டாசு வெடிக்கும், மதியம் அமைப்பாளர் வேற பட்டியல் ஒட்டுவார்.

மழை வந்தா இன்னொரு வம்பு. ரெண்டாவது பேட் பண்ற டீம் 14 ஓவர்ல 103/4, அந்தக் கட்டத்துக்கு டி.எல்.எஸ் (மழை குறுக்கிட்டா இலக்கை மாத்திப் போடற கணக்கு முறை) சமன் ஸ்கோர் 95, ஆட்டம் அதோட கைவிடப்பட்டது. முடிவு "8 ரன் வித்தியாசத்தில் வெற்றி (டி.எல்.எஸ்)". சேஸிங் டீம்னதும் கை பழக்கத்துல "6 விக்கெட்"னு எழுதிடுவாங்க. இலக்கும் சமனும் ஒண்ணில்ல, சமனோட 1 கூட்டினாத்தான் இலக்கு.

கடைசிப்பக்கம்:
எல்லாம் சரி, ஆனா இழை கணக்கு வாத்தியார் வகுப்பாப் போயிட்டிருக்கு. வாசகர் கூட்டலைப் படிக்கவா பேப்பர் வாங்கறார்? நெவில் கார்டஸ் 1919ல இங்கிலாந்தோட மான்செஸ்டர் கார்டியன் பேப்பருக்கு கிரிக்கெட் எழுத ஆரம்பிச்சவர். அவர் பேர் இன்னைக்கும் நிக்கிறது எழுத்துக்காக, ஸ்கோருக்காக இல்ல. உள்ளூர்ப் பக்கம் சப்புனு இருக்கிறதுக்குக் காரணமே எல்லாரும் அமைப்பாளர் அறிக்கையைத் திருப்பி எழுதறதுதான்.

சிவப்புமை:
அமைப்பாளர் அறிக்கை பத்தி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. முதல் நாலு வரி பரிசு வழங்கினவர், முன்னிலை வகித்தவர், நன்றி கூறியவர். யார் ஜெயிச்சாங்கங்கிறது ஏழாவது வரியில. அதைத் தலைகீழாப் புரட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஆனா கார்டஸ் போன மைதானத்துக்கு அன்னைக்கே இன்னும் பத்து நிருபர்கள் வந்திருப்பாங்க. ஸ்கோரை யாராவது பதிவு பண்ணியிருப்பாங்க. உள்ளூர் ஆட்டத்துல நீங்க எழுதலைன்னா அது நடந்ததுக்கே சாட்சி இல்ல. அந்தப் பக்கம் ஹென்றி சாட்விக்கைப் பாருங்க. இங்கிலாந்துல பிறந்து புரூக்ளினுக்குப் போன பத்திரிகைக்காரர். கிரிக்கெட் கார்டு பழக்கத்துல பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோரை (ஒவ்வொரு வீரரோட கணக்கையும் காட்டற அட்டவணை) உருவாக்கினார். ஒரு பந்துகூட தொழில்முறையா ஆடாதவருக்கு 1938ல பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் குடுத்தாங்க.

எண்ணும் எழுத்தும் சண்டைக்காரங்க இல்ல. ஒரு வாலிபால் இறுதிப்போட்டி முடிவு வருது: 25-21, 19-25, 25-23, 22-25, 15-13. எல்லாரும் எழுதறது: "விறுவிறுப்பான ஆட்டத்தில் 3-2 என்ற செட் கணக்கில் வாகை சூடியது." இப்ப ரெண்டு பக்கமும் புள்ளியைக் கூட்டுங்க. ஜெயிச்ச டீம் 106, தோத்த டீம் 107. ஒரு புள்ளி குறைவா எடுத்த டீம் கோப்பையைத் தூக்கியிருக்கு! உங்க முதல் வரி அங்க இருக்கு. "எதிரணியை விட ஒரு புள்ளி குறைவாக எடுத்தும் கோப்பை வென்றது" - இதை எழுத கவித்துவம் வேண்டாம், கூட்டல் தெரிஞ்சா போதும்.

கடைசிப்பக்கம்:
ஒத்துக்கறேன். இது கண்ணுல படவே இல்ல.

சிவப்புமை:
அப்படியே இன்னொண்ணு. "அபார", "அதிரடி", "அனல் பறக்கும்", "மண்ணைக் கவ்வியது", "வெளுத்து வாங்கினார்" இதுல எதையும் டெஸ்க்ல வெட்டறதுக்கு யோசிக்கிறதே இல்ல. கபடியில 52-14ன்னு முடிஞ்ச ஆட்டத்துக்கு "பரபரப்பான"ன்னு வரும். 38 புள்ளி வித்தியாசத்துல எங்கய்யா பரபரப்பு? எத்தனை ஆல்-அவுட், முதல் ஆல்-அவுட் எத்தனாவது நிமிஷம், எந்த ரெய்டர் எத்தனை புள்ளி, இதைப் போட்டா பரபரப்பு இருந்தா தானாத் தெரியும்.

மைதானவாசி:
ஸ்கோரைப் பார்த்ததும் "இது நடக்கவே முடியாது"ன்னு மண்டையில மணி அடிக்கணும். வாலிபால் செட் 25-24ல முடியாது, ரெண்டு புள்ளி முன்னிலை வேணும். டேபிள் டென்னிஸ்ல 11-10 கிடையாது. பேட்மிண்டன் 21 புள்ளி முறையில 30-29 நடக்கும், 31-29 நடக்காது. ஃபுட்பாலில் 1-1 டிரா ஆகி பெனால்டி ஷூட்-அவுட்ல 4-2ன்னா, ஆட்டம் 1-1 தான். "5-3 என்ற கோல் கணக்கில்"னு எழுதக்கூடாது, ஷூட்-அவுட் கோலை வீரரோட மொத்தக் கோல்ல சேர்க்கவும் கூடாது. போன்ல ஸ்கோர் வாங்கறப்ப இந்த மணி அடிக்கலைன்னா தப்பு அப்படியே அச்சுக்குப் போகும்.

புதுநோட்டு:
ராத்திரி ஆட்டம் முடியறதுக்கும் பக்கம் மூடறதுக்கும் அஞ்சு நிமிஷம்தான் இருந்தா எப்படிச் சமாளிக்கிறது?

சிவப்புமை:
முடிஞ்ச பிறகு எழுத ஆரம்பிச்சா முடியவே முடியாது. ஃபுட்பாலையே எடுத்துக்கோங்க. 7.00க்கு ஆரம்பம். 90 நிமிஷம், இடைவேளை 15, கூடுதல் நேரம் அஞ்சாறுன்னு வெச்சா 8.50, 8.55க்கு விசில். பக்கம் 9.00க்கு மூடுது. இடம் 330 வார்த்தை.

இடைவேளையில முதல் பாதியைப் பத்தி 150 வார்த்தை டெஸ்குக்குப் போயிடணும். இது கட்டுரையோட அடிப்பகுதி, யார் ஜெயிச்சாலும் மாறாது. "முன்னிலை பெற்ற அணி எளிதாக வென்றது" மாதிரி பின்னால உதைக்கிற வாக்கியம் இதுல இருக்கக்கூடாது. நடந்ததை மட்டும், நிமிஷத்தோட.

75வது நிமிஷத்துல ரெண்டாவது பாதிக்கு 120 வார்த்தை. 80ல முதல் பத்தியை ரெண்டு விதமா எழுதி வைங்க, இப்ப இருக்கிற ஸ்கோர் நின்னா ஒண்ணு, சமன் ஆனா ஒண்ணு. தலா 60 வார்த்தை. விசில் அடிச்சதும் பொருந்தறதை அனுப்பறீங்க, அவ்வளவுதான். அந்தக் காலத்துல இங்கிலாந்துல சனிக்கிழமை சாயங்கால ஃபுட்பால் சிறப்பிதழ்கள் எல்லாம் இப்படித்தான் ஓடின. நிருபர் மைதானத்துல இருந்து போன்ல துண்டு துண்டாச் சொல்ல, அந்தப் பக்கம் ஒருத்தர் டைப் அடிப்பார்.

90+3ல கோல் விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சு வைங்க. ஸ்கோர் எங்கெல்லாம் உக்காந்திருக்கு? தலைப்பு, துணைத் தலைப்பு, முதல் பத்தி, பட விளக்கம், புள்ளிப் பட்டியல், இணையதளச் செய்தி. ஆறு இடம். அஞ்சை மாத்திட்டு ஒண்ணை விட்டுடறதுதான் டெஸ்க்ல வழக்கமா நடக்கிற விபத்து, பெரும்பாலும் அது பட விளக்கம். கட்டுரைக்குள்ள ஸ்கோரை ஒரே ஒரு தடவை எழுதற பழக்கம் இருந்தா மாத்தறது சுலபம்.

டெஸ்க்ல "15 செ.மீ. குடு"ன்னா எத்தனை வார்த்தைன்னு கேட்டு நிக்காதீங்க. உங்க பேப்பர் பழைய பக்கத்துல ஒரு பத்தி அகலத்துல 10 செ.மீ. அளந்து வார்த்தையை எண்ணி வெச்சுக்கோங்க.

தடகளத்தாத்தா:
தடகளம் யாரும் தொடலையே. உள்ளூர்ப் பக்கத்துல "சாதனை"ங்கிற வார்த்தை அதிகமாக் கெடறது இங்கதான்.

முதல் கேள்வி: நேரம் எடுத்தது கையிலயா மின்னணுவிலயா? ஸ்டாப்வாட்ச்ல 10.81ன்னு காட்டினா அது 10.9. கைநேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏத்தித்தான் பதியணும், இறக்கக் கூடாது. அதை 10.90ன்னு எழுதினா மின்னணு நேரம்னு அர்த்தம் ஆயிடும். ஒரு சைபர் சேர்த்ததுல பொய்யாயிடுது. மூணு பேர் நேரம் எடுத்து மூணும் வேறவேறன்னா நடுவுல இருக்கிறதுதான் அதிகாரபூர்வம்.

ரெண்டாவது கேள்வி: காற்று. 100, 200 மீட்டர், 100, 110 மீ தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் இதுக்கெல்லாம் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல இருந்தா சாதனைக் கணக்குல வராது. பதக்கம் செல்லும், சாதனை செல்லாது. உசைன் போல்ட் 2009ல பெர்லின்ல ஓடின 9.58ஐ பட்டியல்ல பாருங்க, பக்கத்துலயே +0.9ன்னு காற்று இருக்கும். காற்றுமானியே இல்லாத மைதானத்துல ஓடின 100 மீட்டருக்கு "மாநில சாதனையை முறியடித்தார்"னு எழுதினா சங்கத்துல யாரும் ஏத்துக்க மாட்டாங்க. "போட்டி சாதனை"ன்னா, போன வருஷப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துட்டு எழுதலாம்.

கைநேரத்தை மின்னணு நேரத்தோட ஒப்பிடணும்னா 0.24 கூட்டிக்கோங்க.

ஸ்கோர்புக்:
தாத்தா, 0.24 குறுகிய ஓட்டத்துக்கு மட்டும்தானே? 400 மீட்டருக்கு 0.14ன்னு ஞாபகம்.

தடகளத்தாத்தா:
சரிதான். 400ல துப்பாக்கிச் சத்தத்துக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவுல தூரம் குறைவு, அதனால 0.14. நான் 100, 200 ஞாபகத்துல பொதுவா எழுதிட்டேன்.

லென்ஸ்கண்:
படம் பத்தி சுருக்கமா. பல இடங்கள்ல இப்ப நிருபரே எடுக்கணும். ஓடற ஆளை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 செகண்ட், வெளிச்சம் குறைஞ்ச உள்ளரங்குல 1/500க்குக் கீழ இறங்காதீங்க, ஐ.எஸ்.ஓ.வை (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) ஏத்திக்கோங்க. புள்ளி புள்ளியா வந்தாலும் செய்தித்தாள்ல தாங்கும், அசைஞ்ச படம் தாங்காது. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. அங்குலத்துக்கு 200 புள்ளின்னு வெச்சா 10 அங்குலப் படத்துக்கு 2000 பிக்சல் வேணும்.

குழுப்படம் எடுத்த உடனே வரிசையைப் பேசிப் பதிவு பண்ணிக்கோங்க: "நிற்பவர்கள், இடமிருந்து வலம்". ஆட்டப் படத்துல ஜெர்சி எண் தெரியற மாதிரி ஒரு ஷாட் கட்டாயம், ராத்திரி பதினோரு மணிக்கு அதுதான் ஆள் அடையாளம்.

புதுநோட்டு:
வயது மோசடி, தேர்வுக் குழு பாரபட்சம் இதெல்லாம் உள்ளூர் நிருபர் எழுத முடியுமா? மூணு வருஷம் முன்னாடி 14 வயதுக்குட்பட்டோர்ல ஆடின பையன் இப்பவும் 16க்குட்பட்டோர்ல ஆடினா அது போதாதா?

மைதானவாசி:
போதாது. அன்னைக்கு அவன் 12 வயசுல 14க்குட்பட்டோர்ல ஆடியிருந்தா இப்ப 15தான், சட்டப்படி சரி. சந்தேகத்தைக் கிளப்பறது வேற, செய்தி ஆகறது வேற. ரெண்டு போட்டிப் பட்டியல்ல ஒரே பையனுக்கு ரெண்டு பிறந்த தேதி இருந்தா, அது ஆவணம். ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டு சங்கம், கோச், பெற்றோர் மூணு தரப்புலயும் பதில் கேட்டு, அந்தப் பதிலையும் போடணும். சின்னப் பையனா இருந்தா பேரையும் படத்தையும் தவிருங்க. தேதியை மாத்தினது அவனா இருக்காது.

இதுக்குத்தான் முதல் நாள்ல இருந்து ஒரு எக்செல் வேணும்: தேதி, போட்டி, வயதுப் பிரிவு, சுற்று, பேர் தமிழ்ல, இனிஷியல், பிறந்த தேதி, ஜெர்சி எண், ஸ்கோர் அல்லது நேரம், யார் சொன்னது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. போட்டிப் பட்டியலோட போட்டோவையும் தேதி போட்டு வைங்க. ஒரு வருஷம் ஒழுங்கா நிரப்பினா சங்கத்துக்கிட்டயே இல்லாத பதிவு உங்ககிட்ட இருக்கும்.

கடைசிப்பக்கம்:
உள்ளூர்ப் பேப்பரால என்ன ஆகும்னு நினைக்கிறவங்களுக்கு: 2016 ஆகஸ்டுல அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் பாலியல் புகார்களை எப்படிக் கையாண்டதுன்னு எழுதினது இண்டியானாபொலிஸ் ஸ்டார், ஒரு நகரத்துப் பேப்பர். அதைப் படிச்ச முன்னாள் வீராங்கனை ரேச்சல் டென்ஹாலண்டர் அவங்களுக்கே எழுதினார். செப்டம்பர்ல, அவர் புகார் சொன்ன அந்தச் சங்கத்து அணி மருத்துவர் லாரி நாசர் பத்தின செய்தி வந்துச்சு. எழுதினது புலனாய்வுக் குழு, விளையாட்டுப் பக்கம் இல்ல. ஆனா பிள்ளைங்களும் கோச்சுகளும் தினமும் பார்க்கிற நிருபர் நீங்கதான். யாராவது தயங்கித் தயங்கி எதையோ சொல்ல வந்தா "இது ஸ்கோர் இல்லையே"ன்னு நகர்ந்துடாதீங்க. ஆசிரியர்கிட்ட கொண்டு போங்க.

மைதானவாசி:
இதோட சேர்த்து இன்னொண்ணு. டீம் பஸ்ல ஓசிப் பயணம், கிட் பேக், போட்டியில வர்ணனைக்குச் சம்பளம். எதையாவது வாங்கிட்டா அந்தப் போட்டியை நீங்க எழுதக்கூடாது. குறைஞ்சபட்சம் ஆசிரியருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

சிவப்புமை:
வருமானம் கேட்டீங்க. பகுதி நேர நிருபருக்குப் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு, இல்லேன்னா பத்தி செ.மீ.க்கு இவ்வளவு. சேரறப்பவே எழுத்துல கேட்க வேண்டியவை: வெட்டிச் சுருக்கின செய்திக்குப் பணம் எழுதின அளவுக்கா, அச்சான அளவுக்கா? படத்துக்குத் தனியா? இணையத்துல மட்டும் வந்தா? பயணம், போன் யார் செலவு? படத்தோட உரிமை யாருக்கு? முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அச்சான அளவுதான், அதனால சுருக்கமா எழுதறது உங்களுக்கே லாபம். அச்சானதை அன்னன்னைக்கே பி.டி.எஃப்.ஆ எடுத்து வைங்க. மாசக் கடைசியில கணக்குத் தகராறு வந்தா அதுதான் ரசீது.

வளர்ச்சி ரெண்டு பாதை. நிருபராவே மேல போறது, இல்ல டெஸ்குக்கு வந்து சப்-எடிட்டர், பக்க வடிவமைப்பு, அப்புறம் விளையாட்டு ஆசிரியர். டெஸ்க்ல சம்பளம் நிலையா வரும், மைதானம் போயிடும். சாயங்காலமும் வார இறுதியும் ரெண்டுலயும் போயிடும், வீட்ல முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

கனவுல மிதக்காதீங்க. நியூயார்க் டைம்ஸே 2022ல தி அத்லெட்டிக்ங்கிற விளையாட்டுச் செய்தி இணையதளத்தை 55 கோடி டாலருக்கு வாங்கிட்டு, 2023ல தன்னோட விளையாட்டுப் பிரிவைக் கலைச்சது. சின்னப் பேப்பர்ல இடம் சுருங்கறப்ப முதல்ல போறது விளையாட்டுப் பக்கம். வெளிய நகர்றவங்க போற இடம் சங்கங்களோட ஊடகப் பொறுப்பாளர், வர்ணனையாளர், புள்ளிவிவரப் பதிவாளர் வேலைகள். அங்கெல்லாம் "நல்லா எழுதுவார்"ங்கிறது ரெண்டாவது. மைதானவாசி சொன்ன அந்த எக்செல்தான் முதல்ல கேட்பாங்க.

கடைசிப்பக்கம்:
பேட்டி பத்தி ஒரு வரி. "எப்படி உணர்றீங்க"ன்னு கேட்டா "ரொம்ப மகிழ்ச்சி"தான் வரும். "கடைசி ரெய்டுக்கு முன்னாடி கோச் காதுல என்ன சொன்னார்?"னு கேளுங்க. அதைக் கேட்க அந்த நிமிஷம் நீங்க மைதானத்தைப் பார்த்துட்டு இருந்திருக்கணும், போனை இல்ல.

புதுநோட்டு:
எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சின்னச் சந்தேகம். டென்னிஸ்ல 7-6 (4)ன்னு போடறப்ப அடைப்புக்குள்ள இருக்கிற 4 யாரோடது?

ஸ்கோர்புக்:
டை-பிரேக்கைத் தோத்தவரோடது. அவர் 4 எடுத்தார்னா ஜெயிச்சவர் 7. அவர் 9 எடுத்திருந்தா ஜெயிச்சவர் 11. அதனாலதான் ஒரு எண்ணே போதும்.